ரூத்தோடு நின்ற மொழிபெயர்ப்பு: நாளை தெரியாத நாட்களில் சீகன்பால்க்

இது சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து உலை வைத்த நேரம். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் போன் செய்தான். இப்போது அவனுக்கு 40 வயதைத் தாண்டிவிட்டது. சென்னையில் 15 வருடமாகப் பார்த்த வேலை ஒரே நாளில் போய்விட்டதாம். வீட்டுக் கடன் பாதிகூட அடையவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "டீச்சர், எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றான். நானும் வாயில் வந்ததைச் சொன்னேன். "கர்த்தர் பார்த்துக்குவாருப்பா. ஒண்ணும் ஆகாது." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிங்க டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று முழுவதும் அந்த "சரிங்க டீச்சர்" என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. காரணம் இருக்கிறது. அதே வார்த்தையை எனக்கும் சொன்னார்கள். 4 வருடத்துக்கு முன் என் கணவரை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "விசுவாசமா இருங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால், ஆனது. 11-ஆம் நாள் அவரை அடக்கம் பண்ணினோம். அதன்பின் பல மாதம் ஆலயத்தில் உட்கார்ந்து, என் விசுவாசம் குறைந்துபோனதால்தான் இப்படி நடந்ததோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு எவ்வளவு கொடியது என்பது பட்டவர்களுக்குத் தெரியும். அப்படிப் பட்ட நானே அதே வார்த்தையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவனுக்கு நான் சொல்லவேண்டிய சரியான பதில் பாக்கி இருக்கிறது. பிரசங்கம் பண்ண எனக்குப் படிப்பில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 33 வருடம் பிள்ளைகளுக்குத் தமிழும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்குத் தெரிந்த வழி சரித்திரம்தான். அதனால் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

பெயர் உங்களுக்குத் தெரியும். பர்த்தலோமேயு சீகன்பால்க். பரீட்சைக்கு நாம் படித்தது இரண்டே வரி: 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. இன்று நமக்கு வேண்டியது அந்த நடுப்பகுதிதான்.

கடைத்தெருவில் நின்ற இருவர்

சீகன்பால்க் 1682-இல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். தாய் மரணப்படுக்கையில் பிள்ளைகளை அருகில் அழைத்து, உங்களுக்கு ஒரு பொக்கிஷம் வைத்திருக்கிறேன், அதை வேதாகமத்தில் தேடுங்கள் என்று சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். உடம்பும் பலமில்லாத உடம்பு. ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், நோயின் காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்த வேண்டிவந்தது. இன்றைய மிஷனெரி தேர்வுக் குழு எதிலாவது அவர் போய் நின்றிருந்தால், "தம்பி, முதலில் உடம்பைப் பார்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்நாளில் தரங்கம்பாடி டென்மார்க் நாட்டாரின் வியாபாரத் துறைமுகம். 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அங்கே கோட்டை கட்டியிருந்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், அங்கே மிஷனெரிகளை அனுப்ப விரும்பி, ஜெர்மனியிலிருந்து இரண்டு வாலிபரைத் தெரிந்தெடுத்தார். ஒருவர் சீகன்பால்க், மற்றவர் ஹென்ரிச் புளுட்சோ. 1705 நவம்பர் 29 அன்று 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் கோப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்டார்கள். 7 மாதத்துக்கு மேல் கடலில் இருந்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறக்குறைய 24.

அரசரே அனுப்பிய ஆட்கள் ஆயிற்றே, மாலை மரியாதை இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது நேர்மாறு. ஊர் மக்கள் மனம் கசந்தால் வியாபாரம் கெட்டுப்போகும் என்று கம்பெனிக்குப் பயம். அதனால் மிஷனெரிகள் வருவது கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வந்தவர்களை உடனே கரையிறங்க விடவில்லை. இறங்கிய பிறகும் கோட்டை அதிகாரி ஹாசியஸ் அவர்களை ஏனென்று கேட்கவில்லை. தங்க இடம் காட்ட ஆளில்லாமல் கடைத்தெருவில் நின்றார்கள். கடைசியில் ஒருவர் மனமிரங்கித் தங்க இடம் கொடுத்தார்.

முன்பின் தெரியாத ஊர், ஆனி ஆடி வெயில், பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அனுப்பிய அரசரோ 7 மாதப் பயணத் தூரத்தில். "எதிர்காலம் நிச்சயமில்லை" என்று நாம் இன்று சொல்கிறோமே, அன்று அவர்களுக்கு மறுநாள் சாப்பாடே நிச்சயமில்லை.

மணலில் எழுதிய அ, ஆ

அந்த நிலைமையில் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஓர் ஆசிரியையாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வயதான வாத்தியாரிடம் பேசி, அந்தப் பள்ளிக்கூடத்தையே தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வரவழைத்தார். பல்கலைக்கழகம் பார்த்த அந்த வாலிபர், சின்னப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்.

எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. அதற்கு அழகப்பன் என்ற தமிழர் உதவினார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். இந்த உதவிக்காக அழகப்பன் பட்ட பாடு கொஞ்சமல்ல. தரங்கம்பாடியை விட்டே வெளியேற நேர்ந்தது. மிஷனெரிகளின் கதையைச் சொல்லும்போது இப்படிப்பட்ட நம் ஊர்க்காரர்களையும் மறக்கக் கூடாது.

இரண்டே வருடத்தில், அதாவது 1708-க்குள், சீகன்பால்க் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறிப்பெழுதிப் பட்டியல் போட்டுவிட்டார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இதற்கிடையில் 1707 மே மாதம், டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்த 5 பேர் முதல் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ஒரு சிறிய ஆலயம் பிரதிஷ்டை ஆனது. பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மணலில் எழுதிய அந்த நாட்களில், அடுத்த கப்பலிலேயே தன்னை ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்றைக்குச் செய்ய முடிந்தது அ, ஆ. அதைச் செய்தார்.

கடலில் விழுந்த பெட்டியும் கோட்டைச் சிறையும்

மிஷன் வேலைக்கு வேண்டிய பணம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஒரு கடிதம் போக அரை வருடத்துக்கு மேல். பதில் வர மறுபடியும் அவ்வளவு காலம். பிள்ளைகளுக்குச் சோறு, ஆசிரியர்களுக்குச் சம்பளம் எல்லாம் அந்தக் கப்பலை நம்பித்தான்.

1708-இல் எதிர்பார்த்த பணம் வந்தது. தரங்கம்பாடியில் கப்பல் கரையோரம் வந்து அணைய முடியாது. கடலில் தள்ளி நிற்கும். சாமான்களைப் படகில் ஏற்றி அலைகளைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். அந்தப் படகு கவிழ்ந்தது. பணப்பெட்டி கடலுக்குள் போய்விட்டது. அது திரும்பக் கிடைக்கவே இல்லை. நடுக்கடலில் தொலைந்திருந்தால்கூட மனதுக்கு ஒரு சமாதானம். 7 மாதம் பத்திரமாக வந்த பெட்டி, கண்ணுக்கெட்டும் தூரத்தில் கரைக்கு முன்னால் மூழ்கியது. இதற்கு "கர்த்தருடைய சித்தம்" என்று சட்டென்று விளக்கம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதே 1708-ஆம் வருடம் அக்டோபர் 17 அன்று சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். நவம்பர் 19 அன்று ஹாசியஸ் அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். குற்றம் என்ன? நாவிதத் தொழில் செய்த ஒரு தமிழருடைய விதவைக்குக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு கடன் வழக்கு. அந்த ஏழைப் பெண்ணுக்காகச் சீகன்பால்க் திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். அது கம்பெனிக்கு விரோதமான செயலாகக் கருதப்பட்டது. 4 மாதம் சிறை.

சீகன்பால்க் பொறுமையின் சொரூபம் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டென்று கோபம் வரும், வளைந்து கொடுக்கத் தெரியாது. விசுவாச வீரர்களைப் பொம்மைபோலச் செய்து அலமாரியில் வைத்துவிட்டால் அவர்களால் நமக்குப் பிரயோஜனமில்லை. கோபமும் நோயும் உள்ள ஒரு மனிதர், பணம் கடலில் போன வருடத்தில், எடுத்த வேலை பாதியில் நிற்க, நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

1709 மார்ச்சில் விடுதலை ஆனார். அந்த வருடம் ஜூலையில் ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்தது. பணம் வந்தது. மிஷனெரிகளுக்கு உதவி செய்யும்படி அதிகாரிக்கு அரசரின் கட்டளையும் வந்தது. கிரண்ட்லர் உட்பட 3 புதிய ஊழியர்களும் வந்தார்கள்.

நம் கூட்டங்களில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். "பார்த்தீர்களா, கர்த்தர் கைவிடவில்லை" என்று சொல்லி எல்லாரும் அல்லேலூயா சொல்வோம். கர்த்தர் கைவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. புதிதாக வந்தவர்களில் ஒருவருக்கும் சீகன்பால்குக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஜெபத்துக்குப் பதிலாக வந்த உதவியோடு ஒரு தலைவலியும் சேர்ந்து வந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது?

அச்சு இயந்திரம் போன வழி

1711 மார்ச்சில் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு முடிந்தது. இனி அச்சிட வேண்டும். தமிழ் அச்சுக்குப் புதிய மொழியல்ல. 1578-லேயே கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தமிழில் அச்சிட்டார். ஆனால் சீகன்பால்க் காலத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் ஏதும் கிடையாது.

லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. சங்கத்தார் ஓர் அச்சு இயந்திரமும், காகிதமும், அதை இயக்க யோனாஸ் ஃபிங்க் என்ற தொழில் தெரிந்த வாலிபரையும் கப்பலில் அனுப்பினார்கள். அந்தக் கப்பல் பிரேசில் நாட்டின் ரியோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது. கப்பலின் அடித்தளத்தில் இருந்த இயந்திரம் அவர்கள் கண்ணில் படாமல் தப்பியது. கப்பல் மீட்கப்பட்டுத் திரும்பவும் புறப்பட்டது. ஆனால் இயந்திரத்தை இயக்க வந்த ஃபிங்க், நன்னம்பிக்கை முனைப் பக்கத்தில் வழியிலேயே இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது, ஆள் வரவில்லை.

என்ன செய்வது? தேடிப் பார்த்ததில், கம்பெனியின் படையில் சிப்பாயாக இருந்த ஒரு ஜெர்மானியருக்கு அச்சுவேலை தெரியும் என்று தெரியவந்தது. அவரை வைத்து வேலை தொடங்கியது. 1713-இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவையோ மிகப் பெரியவை. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் இருக்கும் காகிதம் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். அதற்கு ஈயம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாறில் காகித ஆலை ஒன்றும் முயன்று பார்த்தார்கள்.

1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு அதுதான். அதில் சில எழுத்து வேண்டாமென்று தூக்கிப்போடும் மூடிகளிலிருந்து வந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது ஒன்றுண்டு. நாம் சரித்திரத்தைக் கடைசிப் பக்கம் தெரிந்த பிறகு படிக்கிறோம். 1715-இல் புத்தகம் வந்தது என்று நமக்குத் தெரியும். அதனால் 1711-இல் கப்பல் பிடிபட்டதைப் படிக்கும்போது நமக்குப் பதற்றம் இல்லை. சீகன்பால்குக்கு அந்தப் பக்கம் புரட்டப்படவில்லை. ஃபிங்க் இறந்த செய்தி வந்த நாளில் அவர் கையில் இருந்தது ஓட்டத் தெரியாத ஓர் இயந்திரம் மட்டும்தான். வேலை போன என் மாணவன் இப்போது நிற்பதும் அந்த இடத்தில்தான். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டவள்போல நான் அவனிடம் "ஒண்ணும் ஆகாது" என்று பேசிவிட்டேன். எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது விசுவாசமல்ல.

கடைசி அடி

1714-இன் கடைசியில் சீகன்பால்க் ஐரோப்பா போய், 1716-இல் மனைவி மரியா டோரதியாவோடு திரும்பினார். தரங்கம்பாடியில் இன்றும் நாம் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பி, 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்தார். இனியாவது நிம்மதி என்று நினைத்திருப்பார்.

இந்த முறை அடி வெளியாரிடமிருந்து வரவில்லை, சொந்தவர்களிடமிருந்து வந்தது. கோப்பன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர் வெண்ட் என்பவருக்கு, ஆலயம் கட்டுவதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் மிஷனெரி வேலையாகத் தெரியவில்லை. அப்போஸ்தலர்களைப்போல ஒன்றுமில்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கிருந்து வந்த கடிதங்கள் கடுமையாக இருந்தன. ஏற்கெனவே நோயில் இளைத்த உடம்பு. 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்க் இறந்தார். வயது 36. கடைசி நேரத்தில், நம்பிக்கை என்ற சொல்லையே முதல் வரியில் கொண்ட ஒரு ஜெர்மன் ஞானப்பாட்டைப் பாடச் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். 4 மாதத்துக்கு முன் தாம் பிரதிஷ்டை செய்த ஆலயத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். அவருக்குத் தோள் கொடுத்த கிரண்ட்லரும் அடுத்த வருடம் மார்ச்சில் இறந்தார்.

அப்போது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு எதுவரை வந்திருந்தது தெரியுமா? ஆதியாகமத்தில் தொடங்கி ரூத் வரை. அதோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னிந்திய மக்களின் தெய்வங்களையும் வழிபாட்டையும் பற்றி அவர் 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். அது அச்சானது 1867-இல், சென்னையில். 154 வருடம் கழித்து!

ரூத்தில் கர்த்தர் எங்கே இருந்தார்?

அவர் ரூத்தோடு நின்றார் என்பதைப் பல வருடமாக ஒரு தகவலாக மட்டும் வகுப்பில் சொல்லிவந்தேன். என் கணவர் போன பிறகு ரூத்தைத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் ஒன்று என் கண்ணில் பட்டது.

அந்தப் புத்தகத்தில் அற்புதம் ஒன்றுமே இல்லை. கடல் பிளக்கவில்லை, வானத்திலிருந்து மன்னா விழவில்லை, தேவதூதன் வரவில்லை. ஒரு தீர்க்கதரிசிகூட இல்லை. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம். புருஷனையும் இரண்டு மகன்களையும் இழந்து திரும்பி வருகிறாள் நகோமி. ஊர்ப் பெண்கள் கூடி விசாரித்தபோது, என்னை நகோமி என்று கூப்பிடாதேயுங்கள், மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கொடுத்துவிட்டார் என்கிறாள். "அப்படிச் சொல்லாதீங்கக்கா, விசுவாசமா இருங்க" என்று யாரும் அவள் வாயை அடைக்கவில்லை. அந்தக் கசப்பு அப்படியே வேதாகமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்காக அவளை யாரும் கண்டிக்கவும் இல்லை.

மருமகள் ரூத் என்ன செய்தாள்? காலையில் எழுந்து வாற்கோதுமை வயலுக்குக் கதிர் பொறுக்கப் போனாள். அவ்வளவுதான். யாருடைய வயல் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தன் வம்சத்தில் தாவீது ராஜா வருவான் என்று தெரியாது. அன்றைய சோற்றுக்கு அன்றைய கதிர். நாலே அதிகாரத்தில் முடிந்துவிடும் அந்தப் புத்தகத்தில், கர்த்தர் எங்கேயும் முன்னால் வந்து நின்று பேசவில்லை. ஆனாலும் அவர் இல்லாத பக்கம் ஒன்றும் இல்லை.

மணலில் அ, ஆ எழுதியதும், ஈய மூடியை உருக்கியதும் அந்தக் கதிர் பொறுக்குகிற வேலைதான். சீகன்பால்குக்கு முடிவு நிச்சயமாகத் தெரிந்ததனால் அவர் விசுவாசிக்கவில்லை. தெரியாமலேயே அன்றைய வேலையைக் கர்த்தர் கையில் வைத்துவிட்டுச் செய்தார். தானியேல் புத்தகத்தில் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்களும் அப்படித்தான் பேசினார்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமற்போனாலும் உமது சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அந்த "போனாலும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு நாம் ஆறுதல் சொல்லப் போகிறோம். அதனால்தான் நம் ஆறுதல் ஒட்டாமல் கீழே விழுகிறது.

பாதியில் நின்ற வேலை என்ன ஆயிற்று? சீகன்பால்க் இறந்த அதே 1719-ஆம் வருடம், அவர் மறைந்து சில மாதம் கழித்து, பெஞ்சமின் சூல்ட்சே என்பவர் தரங்கம்பாடி வந்து இறங்கினார். அவர்தான் ரூத்துக்கு மேல் தொடர்ந்து பழைய ஏற்பாட்டை முடித்தார். 1728-க்குள் அது அச்சாகி முடிந்தது. தாம் தொடங்கியதை முடிக்கப் போகிறவரின் முகத்தைக்கூட சீகன்பால்க் பார்க்கவில்லை.

பாக்கியிருந்த பதில்

இதையெல்லாம் யோசித்துவிட்டு, போன வாரம் என் மாணவனுக்கு நானே போன் செய்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கெப்படித் தெரியும்? என்ன ஆனாலும் கர்த்தர் உன்கூட இருப்பார். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். உங்க சார் போனப்போ நான் கண்டுகிட்டது அதுதான்" என்றேன். இந்த முறையும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அழுதான். அழுது முடித்து, "மகள்கிட்ட இன்னும் சொல்லலை டீச்சர். தினமும் ஆபீஸ் போற மாதிரி கிளம்பிப் போய் பார்க்ல உக்காந்திருக்கேன்" என்றான். முதல் தடவை நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால், இதை அன்றைக்கே சொல்லியிருப்பான்.

நாங்கள் பேசி முடிவு செய்தது இதுதான்: முதலில் மகளிடம் உண்மையைச் சொல்வது; பார்க்குக்குப் போகிற நேரத்தில் தினம் ஒரு கம்பெனிக்காவது விண்ணப்பம் போடுவது; இரவில் குடும்பமாக ஜெபிப்பது; ஜெபத்தில் பயத்தை மறைக்காமல் சொல்வது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன். கிடைக்கத் தாமதமானாலும் அவனை விசாரிப்பதை நிறுத்தமாட்டேன்.

கடைசியாக ஒன்று. ரூத் கதிர் பொறுக்கப் போனபோது, வயலின் சொந்தக்காரன் போவாஸ் தன் வேலைக்காரர்களைத் தனியே கூப்பிட்டு, அவளுக்காக அரிகளிலிருந்து சிலதை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னான். அவள் கூச்சப்படாமல் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நாம் சொல்கிறோமே, பெத்லகேமில் அவர் பார்த்துக்கொண்ட விதம் அது. கடைத்தெருவில் நின்ற இரண்டு மிஷனெரிகளுக்கு யாரோ ஒருவர் இடம் கொடுத்ததும் அப்படித்தான்.

என் பழைய மாணவர்களில் பலர் இன்று நல்ல நிலைமையில் இருக்கிறீர்கள். சிலர் ஆள் எடுக்கும் இடத்திலேயே இருக்கிறீர்கள். அவனுக்குக் கணக்கு, கிடங்கு, சரக்குப் பதிவு வேலைகளில் 15 வருட அனுபவம். நேர்மையானவன், அதற்கு நான் சாட்சி. உங்கள் வயலில் நாலு கதிர் சிந்தவிட முடியுமானால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். கருத்துப் பகுதியில் அவன் பெயரை யாரும் கேட்க வேண்டாம்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களோடு இருப்பாராக.